கைத்தொலைபேசிக்குள் ஒரு தபாற்கந்தோர்

மனிதன் மனிதனுக்குச் செய்தி அனுப்பும் கலை மிகப் பழையது. தமிழ் மக்கள் அக்கலைக்குத் தம் இலக்கியத்தில் உயர்ந்த இடம் அளித்தனர். திருக்குறளில் தூதுக்கெனத் தனி அதிகாரம் ஒன்று உண்டு. பிற்காலப் புலவர்கள் கிளியையும் நெஞ்சையும் தமிழையுமே தூதாக விடுத்துப் பாடி, தூது என்னும் பிரபந்த வகையை வளர்த்தனர். தூது செல்பவர் எவராயினும் அவரிடம் உலகம் எதிர்பார்த்தவை மூன்று: செய்தி உரிய காலத்திற் சேரவேண்டும், உரியவர் கைக்கே சேரவேண்டும், இடையிற் பிறர் கையிற் சிக்காதிருக்க வேண்டும். தபாற்காரர் சைக்கிளில் வந்து மணியடித்த காலத்திலும் இம்மூன்றுமே எதிர்பார்க்கப்பட்டன. இன்றைய தூதாகிய மின்னஞ்சலுக்கும் இவையே இலக்கணம்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலே ரே டொம்லின்சன் என்னும் பொறியியலாளர், அர்ப்பாநெற் என்ற வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார். அவ்விரு கணினிகளும் ஒரே அறையில் அருகருகே இருந்தவை என்பது சுவையான செய்தி. பெறுபவரின் பெயரையும் அவர் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் தெரிந்தெடுத்த 'அற்' என்னும் குறி இன்றளவும் ஒவ்வொரு மின்னஞ்சல் முகவரியின் நடுவிலும் வீற்றிருக்கின்றது. அன்று ஓர் அறையை நிரப்பிய இயந்திரம் செய்த பணியை, 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோனும், அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த அன்ட்ரொயிட் தொலைபேசியும் உள்ளங்கைக்குக் கொண்டுவந்தன. 2010இல் வந்த ஐபாட் அதனைச் சற்றே அகன்ற பலகையில் வைத்தது.

இக்கருவிகளை வாங்கும் எவரும் அஞ்சற் செயலியைத் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டுவதில்லை. ஐபோனிலும் ஐபாட்டிலும் 'மெயில்' என்ற செயலியும், பெரும்பாலான அன்ட்ரொயிட் கருவிகளில் 'ஜீமெயில்' என்ற செயலியும் முன்பே பொருத்தப்பட்டே வருகின்றன. ஆயினும் பெரும்பாலானோர் அதனை ஒரு கடிதப் பெட்டியாக மாத்திரமே கருதுகின்றனர். பெட்டியில் விழுவது விழட்டும், கண்ணிற் படுவது படட்டும் என்று விட்டுவிடுகின்றனர். விளைவு என்ன? விற்பனை விளம்பரங்களுக்கு நடுவே நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அமிழ்ந்து போகின்றது. புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்த மாணவி, மேலதிக ஆவணம் கேட்டு வந்த கடிதத்தைத் தவணை கடந்தபின் காண்கின்றாள். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய வீசாப் படிவம் திறக்கப்படாமலே கிடக்கின்றது. கடிதம் வந்துதான் இருக்கின்றது, ஆனால் சேரவில்லை.

உண்மையில் அச்செயலி ஒரு பெட்டியன்று; முழுமையான ஒரு தபாற்கந்தோர். அதிலே தரம்பிரிக்கும் மேசை உண்டு, பதிவேடு உண்டு, காவல் உண்டு, அவசரக் கடிதத்தைத் தனியே எடுத்து வைக்கும் மாடமும் உண்டு. இல்லாதது ஒன்றே: தபாலதிபர். அப்பதவியைத் தொலைபேசியின் உரிமையாளரே ஏற்றாகவேண்டும். ஏற்பவர் செய்யத்தக்கவை எவை என்பதை, மேற்கூறிய மூன்று இலக்கணங்களின் வழியே நோக்கலாம். அதன் முன் அறியவேண்டியது ஒன்றுண்டு. கடிதங்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்பதே அது.

தொலைபேசியில் தெரியும் கடிதம் தொலைபேசியிலேதான் இருக்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். தொடக்க காலத்தில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. 1984இல் வகுக்கப்பட்ட 'பொப்' என்னும் முறையில், கணினி தபால் நிலையத்துக்குச் சென்று கடிதங்களை வாரியெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். அங்கே பிரதி ஒன்றும் எஞ்சாதிருப்பதே வழக்கம். 1986இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பவர் 'ஐமப்' என்னும் வேறொரு முறையை உருவாக்கினார். இதன்படி கடிதங்கள் தூரத்திலுள்ள சேவையகத்திலேயே தங்கும். தொலைபேசியும் பலகைக் கணினியும் மேசைக் கணினியும் அவ்வொரே பெட்டகத்தைப் பார்க்கும் பலகணிகள் மாத்திரமே. இன்றைய அஞ்சற் செயலிகள் பெரும்பாலும் இவ்வாறே, அல்லது இதனையொத்த முறைகளிலேயே இயங்குகின்றன.

இதிலிருந்து பிறக்கும் பயன்கள் சில. தொலைபேசி களவு போயினும் கடிதங்கள் போவதில்லை. வேறொரு கருவியில் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் அவை யாவும் மீண்டும் தோன்றும். மறுபுறம், தொலைபேசியில் அழித்த கடிதம் மேசைக் கணினியிலும் அழிந்துபோம். 'தொலைபேசியில் இடம் போதவில்லை' என்று கருதிக் கடிதங்களை அழிப்பவர், தம் ஒரே பிரதியை அழிக்கின்றார் என்பதை உணர்தல் வேண்டும். ஜீமெயிலில் அழிக்கப்பட்டது குப்பைக்கூடையில் 30 நாட்கள் தங்கும்; பின்னர் மீளாது.

அழித்தல் வேறு, அகற்றி வைத்தல் வேறு. ஜீமெயில் செயலியிலே பட்டியலிலுள்ள கடிதத்தின் மீது விரலை ஓரமாக இழுத்தால், அமைப்பை மாற்றாதவிடத்து, அது 'ஆர்க்கைவ்' எனப்படும் களஞ்சியத்துக்குச் செல்லும். பேருந்தில் நின்றுகொண்டு தொலைபேசியைத் தட்டுபவரின் விரல் தவறி இழுபட்டுக் கடிதம் மறைந்துவிடும். அவரோ அது தொலைந்தது என்று வருந்துவார். அது தொலையவில்லை. 'ஓல் மெயில்', அதாவது எல்லா அஞ்சல்களும் உள்ள பகுதியைத் திறந்தால் அங்கே இருக்கும். விரலை எப்பக்கம் இழுத்தால் என்ன நிகழவேண்டும் என்பதை இரு செயலிகளின் அமைப்புப் பகுதியிலும் விரும்பியவாறு மாற்றலாம். தவறிப்போவதற்கு அஞ்சுவோர், வாசிக்காததாகக் குறித்தல் போன்ற தீங்கற்ற செயலை அவ்விழுப்புக்கு வைத்துக்கொள்வது நன்று.

இனி முதலாவது இலக்கணத்துக்கு வருவோம். கடிதம் உரிய காலத்திற் சேரவேண்டும். மின்னஞ்சல் கண்ணிமைக்கும் நேரத்தில் உலகைச் சுற்றிவரும் என்பர். சேவையகம் வரை அது பெரும்பாலும் உண்மை. அங்கிருந்து தொலைபேசிக்கு வருவதிலேதான் தாமதம் நேர்கின்றது. ஐபோனின் மெயில் செயலியில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றில், கடிதம் வந்ததும் சேவையகமே தொலைபேசியைத் தட்டி எழுப்பும். மற்றொன்றில், தொலைபேசிதான் இடையிடையே சென்று 'ஏதும் உண்டோ?' என்று கேட்டுவரும். அப்பிள் நிறுவனத்தின் சொந்த அஞ்சல் முதல் வகையைச் சார்ந்தது. ஜீமெயில் கணக்கொன்றை ஐபோனின் மெயில் செயலியில் இணைத்தால் அது இரண்டாம் வகையாகவே இயங்கும்.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்பது? 15 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி நேரம் என்ற தெரிவுகள் உண்டு. இவற்றோடு 'தானாக' என்ற தெரிவும் உண்டு. பெயரளவில் அது மிக வசதியாகத் தோன்றும். ஆனால் தொலைபேசி மின்னேற்றம் பெற்றுக்கொண்டும் வைபை இணைப்பிலும் இருக்கும் வேளையிலேதான் அது பின்னணியில் அஞ்சலைக் கொண்டுவரும். பகல் முழுவதும் வெளியே அலைந்து, இரவில் மின்னேற்றக் கம்பியைச் செருகியதும் பத்துக் கடிதங்கள் ஒன்றாக வந்து குவிவதன் இரகசியம் இதுவே. முக்கியமான பதிலொன்றை எதிர்பார்த்திருப்பவர் அக்காலத்துக்கேனும் 15 நிமிட முறையைத் தெரிவுசெய்தல் வேண்டும். அல்லது கூகிளின் ஜீமெயில் செயலியையே ஐபோனிலும் நிறுவிக்கொள்ளல் வேண்டும். மின்கலத்தைச் சேமிக்கும் நிலையில் வைத்தால் அஞ்சல் தேடிச் செல்லும் வேலை நின்றுவிடும் என்பதும் நினைவிருத்தற்குரியது. அன்ட்ரொயிட் கருவிகளிலும் தரவுச் சிக்கனமும் மின்கலச் சிக்கனமும் இத்தகைய தாமதத்தை உண்டாக்கக்கூடும்.

தாமதத்திலும் கொடியது ஒன்றுண்டு. அது பெட்டகம் நிரம்பிப்போதல். 2004ஆம் ஆண்டு ஏப்ரில் 1ஆம் திகதி ஜீமெயில் அறிமுகமானபோது அது இலவசமாக அளித்த 1 ஜிகாபைற் இடம் உலகை வியக்க வைத்தது. இன்று 15 ஜிகாபைற் அளிக்கப்படுகின்றது. ஆனால் அவ்விடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. அதே கணக்கிற் சேமிக்கப்படும் புகைப்படங்களும் பிற கோப்புகளும் அதனைப் பங்கிடுகின்றன. திருமண வீட்டுப் படங்களும் கோயில் திருவிழாக் காணொளிகளும் அவ்விடத்தை நிரப்பிவிட்டால், புதிய அஞ்சல் ஒன்றும் உள்ளே வரமாட்டாது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பெறுபவரோ 'கடிதம் வரவில்லை' என்று காத்திருப்பார். அப்பிள் இலவசமாக அளிக்கும் இடம் 5 ஜிகாபைற் மாத்திரமே என்பதால் அங்கு இவ்விடர் இன்னும் விரைவில் நேரும். ஆகவே மாதம் ஒருமுறை எஞ்சியுள்ள இடத்தைப் பார்த்துக்கொள்வது, கிணற்றில் நீர்மட்டம் பார்ப்பது போன்ற நல்வழக்கம்.

இரண்டாவது இலக்கணம், கடிதம் உரியவரைச் சேர்தல். பெட்டகத்துக்கு வந்த கடிதம் மனிதரின் கவனத்துக்கு வந்தாலன்றோ சேர்ந்ததாகும்? 1978ஆம் ஆண்டு மே மாதத்தில் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அதிகாரியொருவர் அர்ப்பாநெற்றிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டாக் கடித வெள்ளத்தின் முதல் துளி அதுவே என்பர். இன்று அவ்வெள்ளம் ஒவ்வொருவர் வாசலையும் அடிக்கின்றது. ஒவ்வொரு கடிதத்துக்கும் தொலைபேசி ஒலியெழுப்பினால், சில நாட்களில் உரிமையாளரின் செவி அவ்வொலிக்கு மரத்துப்போம். ஓயாது குரைக்கும் நாயின் குரலைக் கள்வன் வந்த இரவிலும் எவரும் பொருட்படுத்தார்.

இதற்கு மருந்து, கதவைத் தட்டும் உரிமையைச் சிலருக்கு மாத்திரம் அளித்தலாகும். ஐபோனின் மெயில் செயலியில் 'வீஐபீ' என்ற பட்டியல் உண்டு. பெற்றோர், பிள்ளைகள், மேலதிகாரி, வைத்தியசாலை, விண்ணப்பித்துள்ள நிறுவனம் ஆகியோரின் பெயரைத் தட்டி அப்பட்டியலிற் சேர்க்கலாம். சேர்த்தபின் அவர்களுடைய கடிதத்துக்கு மட்டும் ஒலி எழும்படி அமைத்து, ஏனையவற்றின் ஒலியை நிறுத்திவிடலாம். ஒரு குறிப்பிட்ட கடிதத் தொடருக்கு வரும் பதிலை மாத்திரம் அறிவிக்குமாறு மணிக்குறியிட்டு வைக்கவும் வழியுண்டு. ஜீமெயில் செயலியில் முக்கியமானவற்றுக்கு மட்டும் அறிவிப்புத் தருமாறு அமைக்கலாம். நூறு பேருக்கு நடுவே நடைபெறும் நீண்ட கடிதப் பரிமாற்றத்தைச் செயலி வழியே ஊமையாக்கிவிடலாம். அது பெட்டகத்திற் கிடக்கும், ஆனால் சத்தமிடாது.

வேண்டாத விளம்பரக் கடிதங்களை நாள்தோறும் அழித்துக்கொண்டிருப்பது கிளையை வெட்டுவது. 'அன்சப்ஸ்கிரைப்' என்னும் சொல்லைத் தட்டி விலகிக்கொள்வது வேரை வெட்டுவது. ஒரே தடவையில் விலகும் வசதியைத் தமது விளம்பரக் கடிதங்களில் வைக்கவேண்டும் என்று, பெருந்தொகையாக அஞ்சல் அனுப்புவோருக்கு 2024ஆம் ஆண்டில் கூகிளும் யாகூவும் விதி செய்தன. அறிமுகமான கடைகள், வங்கிகள் ஆகியவற்றின் கடிதங்களுக்கு இவ்வசதியைத் தயங்காது பயன்படுத்தலாம். முற்றிலும் அறியாதவரிடமிருந்து வந்த ஐயத்துக்குரிய கடிதமாயின் அதனுள்ளிருக்கும் எதனையும் தட்டாது, வேண்டாக் கடிதமெனக் குறித்து ஒதுக்குவதே தக்கது.

ஒதுக்குப்பெட்டி பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். செயலி தானே ஆராய்ந்து சில கடிதங்களை 'ஸ்பாம்' அல்லது 'ஜங்க்' எனும் பகுதிக்குள் தள்ளுகின்றது. அது பெரும்பாலும் சரியாகவே செய்கின்றது. சிலவேளை தவறும் செய்கின்றது. முன்பின் அறியாத அலுவலகத்திலிருந்து முதன்முறையாக வரும் நேர்முகப் பரீட்சை அழைப்பே இத்தவறுக்கு எளிதில் இலக்காகின்றது. ஜீமெயில் அப்பகுதியிலுள்ளவற்றை 30 நாட்களின் பின் தானே அழித்துவிடும். எங்கேனும் விண்ணப்பித்து விடை எதிர்பார்த்திருப்பவர் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அப்பகுதியைத் திறந்து பார்க்கக் கடமைப்பட்டவர். நற்கடிதம் அங்கே காணப்பட்டால் 'வேண்டாக் கடிதம் அன்று' எனக் குறித்து, அம்முகவரியைத் தொடர்புப் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும்.

வாசித்தபின் மறந்துபோதலும் சேராமைக்குச் சமானமே. காலையில் வாசித்த கடிதத்துக்கு மாலையில் விடை எழுதலாம் என எண்ணி விடுபவர் பலர். இதற்காகவே ஜீமெயிலில் 'ஸ்னூஸ்' என்ற வசதியும், 2022ஆம் ஆண்டிலிருந்து ஐபோனின் மெயில் செயலியில் 'ரிமைன்ட் மீ' என்ற வசதியும் உள்ளன. இன்று மாலை, நாளைக் காலை, அடுத்த திங்கள் என நேரம் குறித்துவிட்டால், கடிதம் அந்நேரத்திற் பெட்டியின் உச்சியில் மீண்டும் வந்து நிற்கும். பழைய கடிதத்தைத் தேடுவதற்கும் ஆயிரக்கணக்கானவற்றை விரலால் உருட்டவேண்டியதில்லை. தேடற்கட்டத்தில் அனுப்பியவரின் பெயரை இட்டு, இணைப்புள்ளவை மட்டும், வாசிக்காதவை மட்டும் என்று சுருக்கிக்கொண்டே சென்றால் தேடியது கைக்கு வரும்.

இத்தேடல் தமிழிலும் நடைபெறும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நெடுங்காலமாக இலங்கையில் தமிழ்த் தட்டெழுத்து 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் நடைபெற்றது. அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலே அக்கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். எச்சொல்லையும் அதனுள் தேடிக் காணவும் இயலாது. ஒருங்குறி முறையிலே எழுதப்பட்ட தமிழோ யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் ஒரே வடிவிலே தெரியும். இன்றைய தொலைபேசிகளின் தமிழ் விசைப்பலகைகள் ஒருங்குறியிலேயே எழுதுகின்றன. கூகிளின் விசைப்பலகை, வாயாற் சொல்வதையும் தமிழ் எழுத்தாக்கித் தரும். கண்பார்வை குறைந்த முதியவர்கள் எழுத்தின் அளவைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆகவே பிள்ளைக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுத விரும்பும் தாய்க்கு இன்று தடை யாதுமில்லை.

அனுப்பும் கடிதமும் உரியவரையே சேர்தல் வேண்டுமன்றோ? சிறு திரையில் அவசரமாக எழுதும்போது, முதலிரண்டு எழுத்தை இட்டவுடன் செயலி தானே பெயரை நிரப்பிவிடும். அதனால் ஒரே பெயருடைய வேறொருவருக்குக் கடிதம் போவதுண்டு. இதற்கு ஓர் எளிய ஒழுங்கு உதவும்: இணைப்பை முதலில் வைக்க, கடிதத்தைப் பின்னர் எழுதுக, பெறுபவர் முகவரியை இறுதியில் இடுக. அவ்வாறு செய்தால் அரைகுறைக் கடிதமும் இணைப்பற்ற கடிதமும் புறப்படமாட்டா. தவறிப் புறப்பட்டாலும், ஐபோனில் 10 முதல் 30 வினாடி வரை அதனைத் தடுத்து நிறுத்தலாம். ஜீமெயிலிலும் சில வினாடிகள் அவ்வாய்ப்பு உண்டு. பலருக்கு ஒரே கடிதத்தை அனுப்பும்போது அவர்களது முகவரிகளை 'பீசீசீ' எனும் மறைபிரதிக் கட்டத்தில் இட்டால், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. சனசமூக நிலையச் செயலாளர்களும் பழைய மாணவர் சங்கத்தினரும் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

படிவமொன்றில் ஒப்பமிட்டு அனுப்புக என்று கடிதம் வந்தால், பலர் உடனே சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்கு ஓடுகின்றனர். அங்குள்ள கணினியில் தம் அஞ்சலைத் திறந்து, அச்செடுத்து, ஒப்பமிட்டு, மீண்டும் படமெடுத்து அனுப்புகின்றனர். ஐபோனிலோ இணைப்பின் மீது விரலை அழுத்திப் பிடித்தால், அதன்மீது எழுதிப் பதிலளிக்கும் வழி தோன்றும். விரலால் ஒப்பமிட்டு அவ்விடத்திலிருந்தே திருப்பி அனுப்பலாம். தாளிலுள்ள சான்றிதழை, கடிதம் எழுதும் திரையிலிருந்தே படம்பிடித்து நேர்த்தியான ஆவணமாக இணைக்கவும் முடியும். அன்ட்ரொயிட் கருவிகளில் கூகிள் டிரைவ் செயலி ஆவணத்தைப் படம்பிடித்துத் தரும். ஜீமெயிலில் இணைப்பின் எல்லை 25 மெகாபைற். அதனிலும் பெரியதாயின் கோப்புக்குப் பதிலாக அதற்கான இணையத் தொடுப்பே செல்லும். புகைப்படங்களை அனுப்பும்போது ஐபோன் சிறிது, நடுத்தரம், பெரிது என அளவு கேட்கும். தரவுக்குப் பணம் செலுத்தும் உறவினரை எண்ணி அளவைத் தெரிவுசெய்தல் பண்பாகும்.

மூன்றாவது இலக்கணம், பிறர் கையிற் சிக்காமை. கடை பற்றிக் கூறியதன் முழுக் காரணம் இங்கேதான் விளங்கும். பிறர் கணினியில் அஞ்சலைத் திறந்துவிட்டு, வெளியேறாது வந்தவரின் பெட்டகம் திறந்தே கிடக்கின்றது. இவ்வாறு எங்கெங்கு திறந்து கிடக்கின்றது என்பதைக் கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், கருவிகளின் பட்டியலாகத் தொலைபேசியிலேயே காணலாம். அறியாத கருவியை அங்கிருந்தே வெளியேற்றலாம். மின்னஞ்சற் பெட்டகம் வெறும் கடிதங்களின் இருப்பிடம் அன்று. வங்கி, கடை, முகநூல் ஆகிய எல்லாவற்றின் மறந்த கடவுச்சொல்லும் அதன் வழியாகவே புதுப்பிக்கப்படுகின்றது. அஃது ஏனைய சாவிகளையெல்லாம் மாட்டி வைத்த சாவிக்கொத்து. ஆகவே கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பையும் இயக்கி வைத்தல் இன்றியமையாதது.

ஏமாற்றுக் கடிதங்களைத் தொலைபேசியில் இனங்காண்பது மேசைக் கணினியிற் காண்பதிலும் கடினம். காரணம், சிறு திரையில் அனுப்பியவரின் பெயர் மாத்திரமே தெரிகின்றது; முகவரி மறைந்திருக்கின்றது. பெயரை எவரும் எவ்வாறும் இட்டுக்கொள்ளலாம். 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது' என்றோ, 'பொதியொன்று காத்திருக்கின்றது, சிறு கட்டணம் செலுத்துக' என்றோ வரும் கடிதத்தில், முதலிற் பெயரைத் தட்டி முகவரியைப் பார்த்தல் வேண்டும். தொடுப்பைத் தட்டாது, அதன்மீது விரலை அழுத்திப் பிடித்தால் அது எங்கே செல்கின்றது என்பது தெரியும். ஐயம் தீராதவிடத்து, வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசிக் கேட்பதே பாதுகாப்பான வழி. கடிதத்திலுள்ள படங்கள் தாமாகத் திறக்கும்போது, கடிதம் வாசிக்கப்பட்ட செய்தி அனுப்பியவருக்கு எட்டக்கூடும். இதனைத் தடுக்க 2021ஆம் ஆண்டில் ஐபோனின் மெயில் செயலியில் தனியுரிமைக் காப்பு ஒன்று சேர்க்கப்பட்டது; ஜீமெயிலில் படங்களைக் காட்டுமுன் கேட்குமாறு அமைக்கலாம்.

பிறர் கையிற் சிக்காமற் காப்பது போலவே, உரியவர் கையை விட்டு நழுவாமற் காப்பதும் வேண்டும். முதியோர் பலரின் மின்னஞ்சலைப் பிள்ளைகளோ அயலவர்களோ தொடங்கிக் கொடுத்திருப்பர். மீட்பு இலக்கமாக இடப்பட்டது அவர்களுடைய பழைய தொலைபேசி இலக்கமாக இருக்கும். பிள்ளை நாடு கடந்து சென்று அவ்விலக்கமும் கைவிடப்பட்டபின், கடவுச்சொல் மறந்துபோனால் பெட்டகம் என்றென்றைக்கும் பூட்டியதாகிவிடலாம். மேலும், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கலாம் என்று கூகிள் 2023ஆம் ஆண்டில் விதி வகுத்தது. மறைந்த கணவர் எழுதிய கடிதங்களும், பேரப்பிள்ளையின் முதற் படமும் அத்தகைய பெட்டகத்துக்குள் இருக்கக்கூடும். பெற்றோரைப் பார்க்க வரும் பிள்ளைகள் அரைமணி நேரம் ஒதுக்கி மீட்பு இலக்கத்தைத் திருத்திக் கொடுப்பது, வீட்டுக் கூரையைப் பார்த்து ஓடு மாற்றுவதற்கு ஒப்பான கடமை.

இவ்வளவு அக்கறை ஒரு சிறு செயலிக்கு வேண்டுமோ என்று சிலர் வினவலாம். இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, சட்டம் விலக்கிய சில ஆவணங்கள் நீங்கலாக, மின்வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் சட்ட வலு மறுக்கப்படலாகாது. எனவே தொலைபேசியில் வந்து கிடக்கும் கடிதம் விளையாட்டுப் பொருளன்று. அது அழைப்பாணையாகவும் ஒப்பந்தமாகவும் தவணை அறிவித்தலாகவும் இருக்கக்கூடும். 'கண்ணிற் படவில்லை' என்ற சமாதானம் எல்லா இடத்திலும் செல்லாது.

ஈண்டுக் கூறப்பட்டவற்றுள் எதற்கும் பணம் செலவில்லை. ஆங்கிலப் புலமையும் பெரிதாக வேண்டியதில்லை. ஒரு போயா விடுமுறையின் பிற்பகல் போதும். முதலில் அஞ்சல் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகின்றது என்பதைப் பார்க்கலாம். பின்னர் கதவைத் தட்ட உரிமையுள்ள ஐந்தாறு பேரைக் குறிக்கலாம். மூன்றாவதாக ஒதுக்குப்பெட்டியையும் எஞ்சியுள்ள இடத்தையும் நோக்கலாம். இறுதியாக மீட்பு இலக்கம் தம்முடையதுதானா என்பதை உறுதிசெய்யலாம். இந்நான்கும் செய்தவர், மறுநாட் காலையில் தொலைபேசி ஒருமுறை ஒலித்தால், அது பொருளுள்ள ஒலி என்று அறிந்து எடுத்துப் பார்ப்பார்.